அக்கரைப்பற்றுக்குக் கிடைத்த சபையும் சாய்ந்தமருதுக்குக் கிடைக்காத சபையும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் செல்பவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து உள்ளூராட்சி மன்றங்களின் ஊடாகப் பயணம் செய்கிறார். முதலில் கல்முனை மாநகர சபை. பின்னர் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பிரதேச சபைகள். முடிவில் அக்கரைப்பற்று மாநகர சபை. ஆனால் அவர் செல்லும் வீதி இவற்றுள் எந்தச் சபைக்கும் சொந்தமானதன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசுக்கு, சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு, எஞ்சிய ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும் சபைக்கு என்பதே இலங்கையின் பங்கீடு. பிரதான வீதியில் குழி விழுந்தாலும் மக்கள் ஏசுவது என்னவோ தவிசாளரைத்தான்.

விளையாட்டு மைதானத்தின் கதையும் இதுவே. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பில் நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்கள் இவை. மேற்கே வயலை நிரப்பி மைதானம் அமைப்பதென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கிழக்கே கடற்கரையில் அமைப்பதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் போகவேண்டும். அரச காணி எதையேனும் கேட்பதென்றால் பிரதேச செயலகம், அதற்கு மேல் அம்பாறைக் கச்சேரி. மைதானத்துக்குத் தீர்மானம் நிறைவேற்றும் சபையின் கையில் மைதானத்துக்கான நிலம் இல்லை.

இனிப் பணம். சோலை வரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் கடை வாடகை, மாகாணத்தின் ஊடாக வந்து சேரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் ஆகியவையே சபையின் வருமானம். ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசாங்கத்திடமிருந்து வருகிறது. ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இடுவதற்கோ மைதானத்துக்குப் பார்வையாளர் அரங்கு கட்டுவதற்கோ பெரும்பாலும் நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நிதி முறை 1974 இல் தொடங்கியது. ஆயினும் பாதீட்டு வாக்கெடுப்பு அற்ப விடயமன்று. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் பாதீடு இரு தடவை தோற்கடிக்கப்பட்டதும் மேயர் இம்மானுவேல் ஆர்னோல்ட் பதவியிழந்தார்.

வீதியும் நிலமும் பெரும் பணமும் வேறிடங்களில் இருக்கும்போது சபைக்காக ஊர்கள் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகின்றன என்ற கேள்வி எழலாம். இருக்கின்ற சிறு பங்கையாவது எந்த ஊர் பிரிப்பது என்பதே இக்கரையோரத்தின் கேள்வி. ஆகவேதான் இங்கு வீதிப் பிரச்சினையும் மைதானப் பிரச்சினையும் ஈற்றில் எல்லைப் பிரச்சினையாகி விடுகின்றன.

ஊர் என்ற உணர்வுக்கு இங்கு சபைகளை விட நீண்ட வயது உண்டு. பழைய மட்டக்களப்பு மாவட்டம் பற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அக்கரைப்பற்று, கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, பாணமைப்பற்று என்பன அதன் தென்பகுதிப் பற்றுகள். பற்றுக்குள் ஊர், ஊருக்குள் தாய்வழிக் குடிகள். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் அமர்ந்தனர். வாக்குச்சீட்டு வருவதற்கு முன்னரே பிரதிநிதித்துவம் என்பதை இம்மக்கள் அறிந்திருந்தனர் என்பேன். அக்கரைப்பற்றில் 1969 முதல் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் இக்குடி முறையைப் பொதுவாகக் கொண்டிருப்பதை விரிவாக எழுதியுள்ளார். பள்ளிவாசல் பற்றிய இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதையில் அது மீண்டும் வரும்.

பிரித்தானியர் காலத்துக் கிராமச் சங்கங்களும், 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பட்டின சபைகளும் பெரும்பாலும் இந்த ஊர் எல்லைகளை அனுசரித்தே அமைந்தன. கரைவாகுப்பற்றில் நான்கு சபைகள் இருந்தன. கல்முனைப் பட்டின சபை. சாய்ந்தமருதை உள்ளடக்கிய கரைவாகு தெற்குக் கிராம சபை. நற்பிட்டிமுனைப் பக்கத்துக்குக் கரைவாகு மேற்கு. மருதமுனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணைப் பக்கத்துக்குக் கரைவாகு வடக்கு. சிறிய சபைகள்தான், பெரிய வருமானம் கிடையாது. ஆனால் மின்விளக்கு எரியவில்லை என்று சொல்ல உறுப்பினரின் வீட்டுக்கு நடந்தே போகலாம்.

1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் பட்டின சபைகளையும் கிராம சபைகளையும் இல்லாதொழித்து, மாவட்டத்துக்கு ஒரு சபையைக் கொண்டுவந்தது. 1981 ஜூன் மாதத்தில் நடைபெற்ற அச்சபைத் தேர்தலை வடக்கு ஒருபோதும் மறக்காது. அத்தேர்தல் நாட்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. (அதுவும் ஒரு மாநகர சபையின் நூலகமே.) அந்தத் தீயின் வெளிச்சத்தில், கிழக்கில் ஊருக்கு ஊர் இருந்த சின்னஞ்சிறு சபைகள் ஓசையின்றி மறைந்ததை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மாவட்ட சபைகள் நிலைக்கவில்லை. பிரதமரும் உள்ளூராட்சி அமைச்சருமாயிருந்த ஆர். பிரேமதாச 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைக் கொண்டுவந்தார். மீண்டும் சபைகள் பிறந்தன. ஆனால் பழைய எல்லைகளில் அல்ல. கரைவாகின் நான்கும் ஒரே கல்முனைச் சபைக்குள் அடக்கப்பட்டன. அதுவே பின்னாளில் மாநகர சபையாயிற்று. ஊராரிடம் கேட்டா சேர்த்தார்கள் என்று சாய்ந்தமருதில் கேட்கப்படும் கேள்வி அன்று பிறந்ததுதான். அது போர்க்காலம். கிழக்கில் இச்சபைகளுக்கான முதல் தேர்தலே 1994 மார்ச்சில்தான் நடைபெற்றது. கேள்வி உறங்கிக் கிடந்தது.

அதே 1987 இல் வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளூராட்சியை மேற்பார்வை செய்வது மாகாண சபையின் விடயம். ஆனால் சபைகளின் அமைப்பும் கட்டமைப்பும் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே தீர்மானிக்கப்படும். ஆதலால் புதிய சபை ஒன்றைப் பிறப்பிக்கும் பேனா கொழும்பில் அமைச்சரின் மேசையிலேயே தங்கிவிட்டது.

அக்கரைப்பற்றுக்கு அந்தப் பேனா கிட்டியது. ஊரின் மைந்தரும் தேசிய காங்கிரஸின் தலைவருமான ஏ.எல்.எம். அதாவுல்லா 2010 இல் உள்ளூராட்சி, மாகாண சபைகள் அமைச்சரானார். அடுத்த ஆண்டே அக்கரைப்பற்றின் நகர்ப்பகுதி மாநகர சபையாயிற்று. புறத்தே எஞ்சிய கிராமங்கள் அக்கரைப்பற்றுப் பிரதேச சபையாகத் தொடர்ந்தன. பிரதேச செயலகப் பிரிவு முழுவதிலுமே சனத்தொகை நாற்பதாயிரமளவில்தான். 2011 மார்ச் 17 இல் நடைபெற்ற முதலாவது தேர்தலின் பின் அமைச்சரின் புதல்வர் அஹமட் ஸக்கி முதல் மேயரானார். அதை எப்படி வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். குடும்ப ஆட்சி என்று சொன்னவர்கள் உண்டு. அக்கரைப்பற்றின் வீதிகளும் கட்டடங்களும் அக்காலத்தில் மாறின என்பதை அவர்களும் மறுப்பதில்லை. எனினும் அக்கரைப்பற்று என்று வெளியூரார் சொல்லும் அந்த ஒரே நகரத்தின் தமிழ்ப் பகுதி ஆலையடிவேம்புப் பிரதேச சபைக்கு உரியது. ஒரு பெயர், மூன்று சபைகள், மூன்று பாதீடுகள்.

அங்கிருந்து வடக்கே இருபது கிலோமீற்றர் அளவில் இருக்கும் சாய்ந்தமருது இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சனத்தொகை இருபத்தையாயிரமளவில். 2011 ஒக்டோபரில் நடைபெற்ற கல்முனை மாநகர சபைத் தேர்தலில் இவ்வூரைச் சேர்ந்த சிராஸ் மீராசாஹிப் முஸ்லிம் காங்கிரஸ் பட்டியலில் முதலிடம் பெற்று மேயரானார். 2013 இல் அவர் விலக நேர்ந்து, நிஸாம் காரியப்பர் மேயரானபோது, சாய்ந்தமருது அதைக் கட்சியின் உள்விவகாரமாகப் பார்க்கவில்லை. ஊரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே பார்த்தது. தனிச்சபைக் கோரிக்கை எரியத் தொடங்கியது. தேர்தல் மேடைகளில் வாக்குறுதிகள் வந்தன. வர்த்தமானி மட்டும் வரவில்லை. 2017 இன் பிற்பகுதியில் ஊர் கடையடைத்து வீதிக்கு வந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில் பெரிய பள்ளிவாசலின் ஆதரவுடன் தோடம்பழச் சின்னத்தில் போட்டியிட்ட சுயேச்சைக் குழு 9 ஆசனங்களை வென்றது. மரைக்காயர் சபையின் பழைய நிழல் மாநகர சபைக்குள் நுழைந்ததாகவே எனக்குப் பட்டது.

கல்முனையார் எதிர்த்தது வெறும் பொறாமையால் அல்ல என்பதையும் எழுதவேண்டும். சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் எஞ்சும் மாநகர சபையில் முஸ்லிம்களின் பெரும்பான்மை வெகுவாகக் குறையும் என்று அவர்கள் அஞ்சினர். பிரிப்பதானால் முன்பிருந்தவாறு நான்காகவே பிரியுங்கள் என்றனர். தமிழர் தரப்பின் அச்சம் வேறு. நான்காகும்போது கல்முனைக் கடைத்தெரு எந்தப் பக்கம் விழும்? வரியும் வாடகையும் கடைத்தெருவில்தான் இருக்கின்றன. பிரதேச செயலக எல்லை குறித்து ஏற்கெனவே நீண்டுவரும் பிணக்கு இதிலும் வந்து கலந்தது. மூன்று தரப்பிலும் நியாயம் உண்டு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச, இரு சமூகங்களின் அரசியல்வாதிகளும் முன்வரவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

2020 பெப்ரவரி நடுப்பகுதியில் சாய்ந்தமருது நகர சபையை அமைக்கும் அதிவிசேட வர்த்தமானி வெளியாயிற்று. ஊரில் வெடி கொளுத்தினார்கள். ஒரு வாரம் செல்வதற்குள் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. தெற்கில் எழுந்த இனவாதக் கூச்சல் ஒரு காரணம். பொதுத் தேர்தல் நெருங்கியிருந்தமை மற்றொன்று. அக்கரைப்பற்றுக்கு வாய்த்ததுபோல் தன் மகன் ஒருவன் அமைச்சரவையில் அமர்ந்திருந்தால் சாய்ந்தமருதின் வர்த்தமானி அவ்வளவு சுலபமாக நின்றிருக்குமா என்று அவ்வூர்க்காரர் கேட்டால் மறுமொழி சொல்வது கடினம்.

2023 மார்ச்சில் நாடெங்கும் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அம்மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று கைவிடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல் 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடைபெற்றது. அக்கரைப்பற்றின் இரு சபைகளுக்கும் ஆலையடிவேம்புக்கும் மக்கள் உறுப்பினரைத் தெரிவு செய்தனர். விடுபட்டவை இரண்டு. எல்பிட்டியப் பிரதேச சபைக்கு முந்திய ஒக்டோபரிலேயே தேர்தல் முடிந்திருந்தது. மற்றையது கல்முனை மாநகர சபை. வழக்கொன்று நீதிமன்றில் நிலுவையில் இருந்தமையால் அங்கு வாக்குச்சாவடிகள் திறக்கவில்லை. பழைய கரைவாகின் நான்கு சபைப் பிரதேசங்களுக்கும் உரிய பாதீடு, உறுப்பினர் எவருடைய வாக்குமின்றி, ஆணையாளரின் ஒரு கையொப்பத்தோடு நிறைவேறும் நிலையே 2023 மார்ச்சுக்குப் பின் அங்கு ஏற்பட்டது.