லைட்டின் பங்காளி

பினாங்கு என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது பிரான்சிஸ் லைட்தான். 1786 ஆகஸ்டு 11-இல் கொடி ஏற்றியவர். ஜேம்ஸ் ஸ்காட் யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். எனக்கு லைட்டைவிட இந்த ஆள்தான் முக்கியமாகப் படுகிறார்.

ஸ்காட் பெயருக்கேற்ப ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் அல்ல. ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஓட்டிய தனி வியாபாரி. புக்கெட்டில் இருந்த காலத்திலேயே லைட்டோடு கூட்டு. லைட் பினாங்கின் கண்காணிப்பாளர் ஆன பிறகும் அந்தக் கூட்டு முறியவில்லை. அதாவது, ஆட்சி நடத்துகிறவரும் ஊரின் பெரிய வியாபாரியும் பங்காளிகள்!

காடு திருத்தியவனுக்கே நிலம் என்றார் லைட். சரி, மிளகுக்கொடி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகுமே, அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? முதல் வைத்திருந்தவன் கைதான் ஓங்கும். ஸ்காட்டிடம் முதல் இருந்தது. அதே ஊரில்தான் நம் சூலியாக்களும் இருந்தார்கள். கடைக்காரர்களும் கூலிகளுமாக ஆயிரம் பேர் குடியிருப்பதாகவும், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வந்துபோவதாகவும் 1794-இல் லைட் எழுதினார்.

அந்த ஆண்டே லைட் இறந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஸ்காட்டுக்கும் வந்தது. லைட்டின் துணைவி மார்ட்டினா ரோசெல்ஸுக்குச் சேர வேண்டிய சொத்துகளில் பல கைவிட்டுப் போயின. யாரிடம் முறையிடுவது? அரச சாசனப்படி நீதிமன்றம் வந்ததே 1807-இல்தான். அடுத்த வருஷம் ஸ்காட்டும் இறந்துவிட்டார்.

நான் பொறியாளர். சரக்கு கொடுக்கிறவரே அதைச் சோதித்துக் கையெழுத்தும் போடக் கூடாது என்பது எங்கள் வேலையில் பாலபாடம். ஸ்காட்டின் கதை எனக்கு அப்படித்தான் புரிகிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி. அவரைத் தட்டிக்கேட்க ஊரில் ஓர் இடம் இல்லை என்பதுதான் முதல் விஷயம்.

ஜார்ஜ்டவுனில் ஸ்காட் ரோடு என்றிருந்த சாலை இன்று ஜாலான் டி.எஸ். ராமநாதன். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயராக இருந்தவர் அவர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயர். பெயர்ப்பலகை மாறியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், திரும்ப வரவேயில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், பாகான் டாலாமிலும் அதே நிலைதான். குப்பை, வடிகால், கட்டட அனுமதி எல்லாவற்றையும் முடிவு செய்கிற மன்றத்துக்கு என் வயதுக்காரர் ஒருவர்கூட ஓட்டுப் போட்டதில்லை.

பலகையில் ராமநாதன் வந்துவிட்டார். அவரை மேயராக்கிய ஓட்டுப்பெட்டி இன்னும் வரவில்லை.