எஸ்கியூலைட் பயன்பாட்டுச் சிக்கல்கள்: ஒரு வரலாறு

எஸ்கியூலைட் என்பது தனி வழங்கி இல்லாமல், அதைப் பயன்படுத்தும் மென்பொருளுக்குள்ளேயே இணைந்து இயங்கும் சிறிய தரவுத்தள இயந்திரம். முழுத் தரவுத்தளமும் வட்டில் ஒரே கோப்பாக இருக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன் கைப்பேசிகளிலும் பயர்பாக்ஸ், குரோம் உலாவிகளிலும் இது உள்ளது. கணினி அறிவியல் மாணவர்கள் பலர் முதலில் தொடும் தரவுத்தளமும் இதுவே. இதைப் பயன்படுத்துவோர் சில சிக்கல்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். கோப்பு பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வருகிறது, எழுதும் வேகம் குறைகிறது, கோப்பு சிதைகிறது, அட்டவணையில் வகுத்த விதி செயல்படாமல் போகிறது. இவற்றில் பல, இன்று புதிதாகத் தோன்றிய குறைகள் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுகளின் தொடர்ச்சி. எந்த முடிவிலிருந்து எந்தச் சிக்கல் வந்தது என்று தெரிந்தால் தீர்வைத் தேடுவது எளிதாகும்.

தோற்றம்

எஸ்கியூலைட் பிறந்ததே ஒரு பிழைச் செய்தியால்தான். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஹிப், ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பலுக்கான மென்பொருளில் பணியாற்றினார். அந்த மென்பொருள் இன்ஃபார்மிக்ஸ் என்ற வழங்கி வகைத் தரவுத்தளத்தை நம்பியிருந்தது. வழங்கி நின்றுவிட்டால், தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற செய்தி திரையில் வரும். பயனர் குறை சொல்வது வழங்கியை அல்ல, செய்தியைக் காட்டிய மென்பொருளை. கப்பல் சேதமடைந்த நேரத்தில் பயன்பட வேண்டிய மென்பொருள் அப்படி நின்றுவிட்டால் என்னவாகும்? வழங்கியே இல்லாமல் வட்டிலுள்ள கோப்பை நேரடியாகப் படித்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் எழுந்தது.

மூலநிரலின் முதல் வரிகள் 2000 மே 29 அன்று பதிவாயின. ஆகஸ்டில் முதல் பதிப்பு வெளிவந்தது. அது தரவைச் சேமிக்க ஜிடிபிஎம் என்ற வேறொரு நிரலகத்தைப் பயன்படுத்தியது. அதில் பரிவர்த்தனை வசதி கிடையாது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பு தனக்கென ஒரு பி-மர அமைப்பையும் பரிவர்த்தனையையும் கொண்டுவந்தது. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவமே இன்றுவரை தொடர்கிறது. அன்று உருவாக்கிய கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். இந்த உறுதிமொழியின் விலையைப் பின்னர் காணலாம்.

பூட்டு

வழங்கியை நீக்கியதும் ஒரு காவலாளி இல்லாமல் போனார். வழங்கி வகைத் தரவுத்தளத்தில், ஒரே நேரத்தில் எழுத வரும் பத்துப் பேரை வரிசையில் நிறுத்துவது வழங்கியின் வேலை. எஸ்கியூலைட்டில் ஒவ்வொரு செயல்முறையும் கோப்பைத் தானே திறக்கிறது. ஆகவே இயங்குதளம் தரும் கோப்புப் பூட்டைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சுவார்த்தை இல்லை. "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்ற செய்தியின் மூலம் இதுதான். இதன் எண் 5. பெயரில் ஒத்திருந்தாலும், அட்டவணை பூட்டப்பட்டுள்ளதாகச் சொல்லும் 6ஆம் எண் பிழை வேறு. முன்னது பெரும்பாலும் வேறொரு இணைப்பு கோப்பைப் பிடித்திருப்பதால் வருவது. பின்னது பெரும்பாலும் ஒரே இணைப்புக்குள் நடக்கும் மோதல். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் தேடுவது வழக்கமாக நடப்பதுதான்.

தொடக்கத்தில், படிப்போர் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் எழுத வந்தவர் காத்துக்கொண்டே இருக்க நேர்ந்தது. மூன்றாம் பதிப்பு பூட்டைப் பல நிலைகளாகப் பிரித்தது. எழுத விரும்புபவர் முதலில் இடத்தை முன்பதிவு செய்யலாம். அதுவரை மற்றவர் படிக்கலாம். எழுதும் நேரம் நெருங்கியதும் புதிதாகப் படிக்க வருவோர் நிறுத்தப்படுவர். எழுதுபவருக்கு இதனால் வழி கிடைத்தது. ஆனால் ஒரு பொறி எஞ்சியது. இருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் எழுதும் எண்ணம் வந்தால், ஒருவர் விலகாமல் மற்றவர் முன்னேற முடியாது. அத்தகைய முட்டுக்கட்டையில் காத்திருந்து பயனில்லை என்பதால் எஸ்கியூலைட் ஒருவருக்கு உடனே பிழையைத் திருப்பி அனுப்பிவிடும். காத்திருப்பு நேரத்தை ஒரு நிமிடமாகக் கூட்டியும் பிழை நொடியில் வருகிறதே என்று திகைப்பவர்கள் சந்திப்பது இதைத்தான். எழுதப்போகும் பரிவர்த்தனையை "பிகின் இமீடியட்" என்று தொடங்கி, முன்பதிவை முதலிலேயே வாங்கிக்கொள்வதே தீர்வு. சாதாரண மோதலுக்குக் காத்திருப்பு நேரம் போதும். திறந்த பரிவர்த்தனையை முடிக்காமல் பயனரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நிரலுக்கோ எந்தக் காத்திருப்பும் போதாது.

வேகமும் 2008ஆம் ஆண்டும்

வேகம் குறித்த புகார் இன்னும் பழையது. ஒரு பரிவர்த்தனை முடிந்ததாகச் சொல்லுமுன், தரவு உண்மையிலேயே வட்டில் எழுதப்பட்டதா என்று எஸ்கியூலைட் இயங்குதளத்திடம் உறுதி கேட்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு பரிவர்த்தனைக்கு ஏறத்தாழ இரண்டு சுழற்சிகள் தேவைப்பட்டன. ஆகவே நொடிக்குச் சுமார் 60 பரிவர்த்தனைகளே முடியும். ஆயிரம் வரிகளைத் தனித்தனியே செருகினால் அவை ஆயிரம் பரிவர்த்தனைகள். அதே ஆயிரத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேகத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு பதில் போதும்.

இந்த உறுதி கேட்கும் வழக்கம் 2008இல் பெரிய விவாதமானது. பயர்பாக்ஸ் 3, உலாவல் வரலாற்றையும் நூற்குறிகளையும் எஸ்கியூலைட் கோப்பில் வைக்கத் தொடங்கியிருந்தது. அன்று லினக்சில் பரவலாக இருந்த இஎக்ஸ்டி3 கோப்பு முறைமையில், ஒரு கோப்பை வட்டில் எழுதக் கேட்டால் நிலுவையிலிருந்த மற்றக் கோப்புகளின் தரவும் சேர்ந்து எழுதப்படும். பின்னணியில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருக்க, பயனர் ஓர் இணைப்பைச் சொடுக்கினால் உலாவி சில நொடிகள் உறைந்துபோகும். குற்றம் உலாவியுடையதா, தரவுத்தளத்துடையதா, கோப்பு முறைமையுடையதா என்று மூன்று பக்கமும் வாதம் நடந்தது. உண்மையில் மூன்றும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டன. அதனால்தான் அது எளிதில் தீரவில்லை. உலாவி வட்டில் எழுதும் தடவைகளைக் குறைத்துக்கொண்டு நிலைமையைச் சமாளித்தது.

2010 ஜூலையில் வந்த 3.7.0 பதிப்பு 'வால்' எனப்படும் முன்னெழுத்துப் பதிவு முறையைத் தந்தது. மாற்றங்கள் மூலக் கோப்பில் அல்லாமல் பக்கத்திலுள்ள தனிக் கோப்பின் முடிவில் சேர்க்கப்படும். பிறகு அவ்வப்போது மூலக் கோப்புக்கு மாற்றப்படும். எழுதும்போதே மற்றவர் படிக்கலாம். பூட்டுச் சிக்கலும் வேகச் சிக்கலும் ஒருசேரத் தணிந்தன. ஆனால் ஒரு நேரத்தில் எழுதுபவர் ஒருவர்தான் என்ற விதி மாறவில்லை. எல்லாச் செயல்முறைகளும் ஒரே நினைவகத்தைப் பகிர வேண்டியிருப்பதால் வலையமைப்பு வழியே பகிரப்படும் கோப்புறையில் இந்த முறை பயன்படாது.

ஒரே கோப்பு என்ற பழைய பெருமைக்கும் இதனால் ஒரு விலக்கு வந்தது. ஆண்ட்ராய்டு 9 இந்த முறையை இயல்புநிலையாக்கியபின், மூலக் கோப்பை மட்டும் நகலெடுத்துக் காப்புநகல் என்று வைத்திருந்த செயலிகள் பலவற்றில் அண்மைய தரவு காணாமல் போனது. அது தொலையவில்லை; உடனிருந்த மற்றக் கோப்பில்தான் இருந்தது. நகலெடுக்க 2009 முதல் காப்புநகல் செயற்கூறும், 2019 முதல் "வேக்யூம் இன்டூ" கட்டளையும் உள்ளன. இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பைச் சாதாரணமாக நகலெடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

சிதைவு

கோப்பு சிதைந்துவிட்டது என்ற 11ஆம் எண் பிழையே அனைவரும் அஞ்சுவது. இதற்கு எஸ்கியூலைட்டின் சொந்தப் பிழை காரணமாவது அரிது. அதன் சோதனைநிரல் மூலநிரலைப் போல் பல நூறு மடங்கு பெரியது. பழைய குறிப்பேட்டு முறையில், மாற்றவிருக்கும் பக்கங்களின் முந்தைய வடிவம் தனிக் கோப்பில் எழுதிவைக்கப்படும். மின்சாரம் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது அதைக் கொண்டு பழைய நிலை மீட்கப்படும். ஏதோ குப்பைக் கோப்பு என்று எண்ணி அதை அழித்துவிடுவதும், மூலக் கோப்பை மட்டும் இடம் மாற்றுவதும் சிதைவுக்கு நன்கறியப்பட்ட வழிகள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பூட்டு விதியும் ஒரு கண்ணி: ஒரே கோப்பை அதே செயல்முறை இன்னொரு முறை சாதாரணமாகத் திறந்து மூடினால், எஸ்கியூலைட் வைத்திருந்த பூட்டுகளும் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

2013 ஆகஸ்டில் எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே இதில் சிக்கினர். ஹிப் எழுதிய ஃபாசில் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் தலைமைக் களஞ்சியமும் ஓர் எஸ்கியூலைட் கோப்புதான். பிழைச் செய்திகளுக்கென ஒதுக்கப்பட்ட 2ஆம் எண் கோப்பு விவரி தவறுதலாக மூடப்பட்டிருந்ததால், அந்த எண் தரவுத்தளக் கோப்புக்குக் கிடைத்தது. பிறகு நிரலின் வேறொரு பிழை ஓர் எச்சரிக்கையை 2ஆம் எண்ணுக்கு அனுப்ப, அந்த எச்சரிக்கை வாசகம் தரவுத்தளத்தின் ஒரு பகுதியின் மேலேயே எழுதப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 3.8.1 பதிப்பு முதல், சிறிய எண்களைத் தரவுத்தளக் கோப்புக்குப் பயன்படுத்த எஸ்கியூலைட் மறுக்கிறது.

மாற்ற முடியாத பழைய தவறுகள்

பழைய கோப்புகளும் நிரல்களும் கெடக்கூடாது என்ற உறுதிமொழி சில தவறுகளை நிரந்தரமாக்கியது. முதன்மைச் சாவியில் வெற்று மதிப்பு இருக்கக்கூடாது. தொடக்கப் பதிப்புகளின் பிழையால் எஸ்கியூலைட் அதைப் பெரும்பாலும் அனுமதித்தது. திருத்தினால் பல நிரல்கள் முறியும் என்பதால் அப்படியே விடப்பட்டது. அயல் சாவி விதியை எழுதினாலும் 2009 வரை அது செயல்படவில்லை. செயல்படத் தொடங்கிய 3.6.19 பதிப்பிலும் இயல்புநிலையில் அணைத்தே வைக்கப்பட்டது. இன்றும் ஒவ்வோர் இணைப்பிலும் "ஃபாரின் கீஸ்" பிராக்மாவை இயக்க வேண்டும். எண்ணுக்குரிய நெடுவரிசையில் எழுத்துகளை ஏற்கும் தாராளத்தை உருவாக்கியவர்கள் குறையென்று ஒப்புவதில்லை. ஆயினும் 2021இல் கண்டிப்பான அட்டவணை வகையையும் தந்தனர்.

சிதைந்த கோப்பு கைக்கு வந்தால் முதலில் எல்லாத் துணைக் கோப்புகளோடும் சேர்த்து ஒரு நகலை ஒதுக்கிவைத்துவிட்டு, நகலில்தான் கைவைக்க வேண்டும். "இன்டெக்ரிட்டி செக்" எனும் பிராக்மா சேதம் எங்கே என்று காட்டும். சேதம் சுட்டுவரிசையில் மட்டும் இருந்தால் அதை மீண்டும் கட்டினால் போதும். மற்றவற்றுக்கு 2019இல் 3.29.0 பதிப்புடன் கட்டளைக் கருவியில் வந்த "ரிகவர்" உள்ளது. அது கோப்பைப் பக்கம் பக்கமாகத் துழாவி, கிடைக்கும் வரிகளைப் புதிய தரவுத்தளத்துக்குரிய கட்டளைகளாக எழுதித் தரும். அழிக்கப்பட்ட பழைய வரிகள் சிலவும் அதில் உயிர்த்தெழக்கூடும் என்பதால், மீட்டதைச் சரிபார்க்காமல் பயன்பாட்டுக்கு விடக்கூடாது.