பின்சக்கரத்தில் நாற்பது கம்பி

காலை ஆறே கால் மணி. மான்குர்த்தில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே "பாம்... பாம்..." என்று ரப்பர் ஹாரன் கேட்கும். மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது என்ன சத்தம் என்று விளக்க வேண்டியதில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓட வேண்டியதுதான். அண்ணாச்சி சைக்கிளை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பார். பின்னால் கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதற்குள் ஈரத்துணி போட்டு மூடிய இட்லி. ஹேண்டில் பாரில் ஒரு பக்கம் சாம்பார் தூக்கு, இன்னொரு பக்கம் சட்னி வாளி.

போன வாரம் கோபன்ஹேகனில் இருக்கும் அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். முன்னால் மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். பெட்டிக்குள் அவன் மகள், பக்கத்தில் காய்கறிப் பை. "மாமா, இதுக்குப் பேரு கார்கோ பைக். கடைக்கு, ஸ்கூலுக்கு எல்லாம் இதுலதான் போறோம். நம்ம ஊர்ல யாராவது இப்படி ஒண்ணு டிசைன் பண்ணா எவ்வளவு நல்லாருக்கும்!" என்று கூடவே ஒரு வரி. பேட்டரி வைத்த இந்த வண்டியின் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தேன். சில லட்சங்கள். பேசாமல் கணினியை மூடிவிட்டேன் :-)

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததுதான் நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது. காரணம், "நம்ம ஊர்ல யாராவது டிசைன் பண்ணா" என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன். நினைத்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்து, ஒரு மனிதரின் ஒரு நாள் பிழைப்பைத் தெருவில் கொட்டியவன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

மருமகன் ஓட்டுகிற வண்டியின் கதையே சுவாரஸ்யமானது. கோபன்ஹேகனில் கிறிஸ்டியானியா என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கைவிடப்பட்ட ராணுவ முகாமில் 1971-ல் ஆட்கள் குடியேறி உருவாக்கியது. உள்ளே கார் போகக்கூடாது. அப்படியென்றால் வீட்டுச் சாமானை எதில் கொண்டுபோவது? 1984-ல் அங்கிருந்த லார்ஸ் எங்ஸ்ட்ரோம் என்ற கொல்லர் தன் துணைவிக்காக முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைச் செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாம் "எனக்கும் ஒண்ணு" என்று கேட்க, அதுவே தொழிலாகிவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்னால், 1920-களிலேயே, டென்மார்க்கில் 'லாங் ஜான்' என்ற இரண்டு சக்கரச் சரக்கு சைக்கிள் வந்துவிட்டது. ஹேண்டிலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே தரையோடு தாழ்ந்த ஒரு தட்டு. சாமானை அதில் வைப்பார்கள். இங்கிலாந்தில் கறிக்கடை, ரொட்டிக்கடைப் பையன்களுக்கு வேறு மாதிரி வண்டி. முன்சக்கரம் சின்னது, அதற்கு மேலே பெரிய கூடை.

இந்த மூன்றில் எதுவும் நம் ஊருக்குப் பெரிய அளவில் வந்து சேரவில்லை. வந்தது சாதாரணக் கறுப்பு சைக்கிள். பாதிரியாரும் வாத்தியாரும் தபால்காரரும் ஓட்டிய அதே சைக்கிள். ஹெர்குலிஸ், ராலே, பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. சுதந்திரத்துக்கு முன்பே பம்பாய் வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அப்புறம்தான் சென்னைக்குப் பக்கத்து அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வர ஆரம்பித்தது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. 1986-ல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று ஹீரோ கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. வொர்லி கம்பெனி அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. நலிந்துபோய், 1980-ல் தனிச் சட்டம் போட்டு அரசு அதை எடுத்துக்கொண்டது.

பெயர்கள் மாறினாலும் வண்டி மாறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக், ஒரே கியர். இன்னொரு விஷயம் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. நவீன சைக்கிள்களில் பெரும்பாலும் இரண்டு சக்கரத்திலும் 36 இருக்கும், அல்லது அதற்கும் குறைவாக. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் விழுகிறது என்பதால் பழைய இங்கிலாந்துக்காரர்கள் கம்பியை அந்தக் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது ஒரு ஆளும் ஒரு சின்னப் பையும்தான். நம் ஆட்களோ அந்த நாற்பது கம்பியை நம்பி ஒரு கடையையே ஏற்றிவிட்டார்கள்!

மும்பைக்கு இந்தச் சைக்கிள் ஏன் இவ்வளவு பொருந்திப்போனது? இங்கே ஆள் ஏற்றும் சைக்கிள் ரிக்‌ஷாவைப் பார்க்க முடியாது. சென்னையில் மீன்பாடி வண்டி செய்கிற வேலையை இங்கே பெரிய பாரமாக இருந்தால் கைவண்டி செய்யும், சின்னப் பாரமாக இருந்தால் சைக்கிள் செய்யும். பால், பாவ் ரொட்டி, டீ, இட்லி எல்லாம் சைக்கிள்தான். டப்பாவாலாக்களின் தொழிலை 1890-ல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கியதாகச் சொல்வார்கள். தலைச்சுமையும் ரயிலுமாக இருந்த அந்த வேலைக்கு, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே பிற்பாடு சைக்கிள் வந்து சேர்ந்தது. அவர்கள் டப்பா தொங்கவிடும் முறையைப் பாருங்கள். பின்னால் மட்டும் ஏற்ற மாட்டார்கள், ஹேண்டிலின் இரு பக்கமும் தொங்கும். நம் அண்ணாச்சியின் சாம்பார் தூக்கும் சட்னி வாளியும் அதே கணக்குத்தான். எல்லாப் பாரத்தையும் பின் அச்சுக்குப் பின்னால் வைத்தால் முன்சக்கரம் லேசாகித் தூக்கும், ஹேண்டில் ஆடும். முன்னால் கொஞ்சம் தொங்கவிட்டால் வண்டி சொன்னபடி கேட்கும்.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் இட்லித் தொழில் நம்மவர்கள் கையில். விடியுமுன் அடுப்பு, விடிந்ததும் சைக்கிள். மான்குர்த்தின் கதை கொஞ்சம் வேறு. இது ஊருக்குள்ளிருந்து தள்ளிவிடப்பட்டவர்களின் ஊர். இங்கே ஜனதா காலனி என்று பெரிய குடியிருப்பு இருந்தது. நம் தமிழர்கள் ஏராளம். ஜோக்கின் அற்புதம் அங்கே இருந்துதான் குடிசை மக்களுக்காகப் போராட ஆரம்பித்தார். நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் அணுசக்தி மையத்துக்காக அந்தக் காலனியை இடித்து, சனங்களை ட்ராம்பே பக்கம் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். 2000-க்குப் பிறகு, ரயில் பாதையோரக் குடிசைகளில் இருந்தவர்களை லல்லுபாய் காம்பவுண்ட் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீடு தள்ளிப் போகும், பிழைப்பு பழைய இடத்திலேயே இருக்கும். நடுவில் இருக்கும் தூரத்தைக் கால்தான் கட்ட வேண்டும். மிதித்துக் கட்டினார்கள்.

இனி பட்டறைக்கு வருவோம். கடையில் வாங்கிய சைக்கிள் அப்படியே சரக்கு வண்டியாகிவிடாது. முதலில், வாங்கும்போதே டபுள் பார் வண்டியாகப் பார்த்து வாங்குவார்கள். கம்பெனி கேரியரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டை இரும்பில் அகலமான கேரியர் அடிப்பார்கள். அதன் கால்கள் நேராகப் பின் அச்சில் வந்து உட்காரும். பாரம் பிரேமுக்குப் போகாமல் சக்கரத்துக்குப் போகும். ஸ்டாண்டின் கால்களை அகலப்படுத்தி அடியில் ஒரு தகடு வைப்பார்கள். அப்போதுதான் மழைக்காலச் சேற்றில் புதையாது. முன் போர்க்கின் இரு பக்கமும் கூடுதல் கம்பி. கட்டுவதற்குக் கயிறு கிடையாது, பழைய டியூப். மேடு பள்ளத்தில் கயிறு தளரும், டியூப் இழுத்துப் பிடிக்கும். ஒரே இழுப்பில் அவிழும். மாதம் ஒரு முறை பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பார்கள். நாற்பதில் ஒன்று அறுந்தாலும் மீதி முப்பத்தொன்பது வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும்.

இதெல்லாம் எனக்கு 2004-ல் தெரியாது. ஆலையில் டிசைன் பிரிவில் வேலை, கையில் பட்டம், தலையில் கொஞ்சம் கனம். அப்போது எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த இட்லிக்கார அண்ணாச்சி, பின்பாரத்தோடு ஏறி இறங்கச் சிரமப்படுவதைப் பார்த்து, "நான் உங்களுக்கு வேற வண்டி செஞ்சு தர்றேன் அண்ணாச்சி" என்றேன். இங்கிலாந்துக் கறிக்கடை சைக்கிளின் படத்தைப் பார்த்து வரைந்தேன். முன்னால் சின்னச் சக்கரம், மேலே தாழ்வான பெட்டி. பாரம் தாழ்வாக இருந்தால் நிலையாக இருக்கும் என்பது பாடப்புத்தகம். என் செலவில் வெல்டிங் செய்து கொடுத்தேன். அண்ணாச்சி மரியாதைக்காக வாங்கிக்கொண்டார் என்பது இப்போது புரிகிறது.

நாலாம் நாள் காலை, சாக்கடை மூடியின் இடுக்கில் அந்தச் சின்னச் சக்கரம் இறங்கிவிட்டது. பெரிய சக்கரமாக இருந்தால் தாண்டிப் போயிருக்கும். முன்னூறு இட்லியும் சாம்பாரும் ரோட்டில். முழங்கையில் ரத்தம். நான் ஓடிப்போய் நின்றபோது அவர் சொன்னது இதுதான்: "வண்டி நல்ல வண்டிதான் தம்பி. இந்த ரோடு அதுக்குத் தெரியல."

அன்றைய நஷ்டத்தைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. மறுநாள் பழைய சைக்கிளில் வந்தார். அப்புறம்தான் நான் கேட்க ஆரம்பித்தேன். என் வண்டியின் குறை சக்கரத்தோடு முடியவில்லை. ரயில்வே நடைமேம்பாலத்தில் பாத்திரத்தைத் தனியாக, சைக்கிளைத் தனியாக ஏற்ற வேண்டும். என் பெட்டி வண்டியோடு ஒட்டியது. பின்பாத்திரம் என்றால் இறங்கி நின்ற இடத்திலிருந்தே இட்லி எடுக்கலாம், ஆவி முகத்தில் அடிக்காது. 28 அங்குல டயர் எந்த முக்கிலும் கிடைக்கும், என் சின்ன டயருக்கு ஊரெல்லாம் அலைய வேண்டும். அண்ணாச்சியும் பட்டறைக்காரரும் இருபது வருஷமாகத் திருத்தித் திருத்திச் செய்த டிசைனை நான் டிசைன் என்றே பார்க்கவில்லை. காகிதத்தில் இல்லாததால் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

இந்தச் சைக்கிளைப் புகழ்ந்து கோயில் கட்ட நான் வரவில்லை. மிதிப்பவரின் முட்டி தேய்கிறது. அந்த அண்ணாச்சி இப்போது ஊரோடு போய்விட்டார். மாடிப்படி ஏற முடியவில்லை என்று போனில் சொன்னார். இன்று வருபவர் வேறு அண்ணாச்சி. பேட்டரி வண்டி வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், நல்லது, வாங்கட்டும். ஆனால் அடுக்குமாடியில் அதை எங்கே நிறுத்துவது, எங்கே சார்ஜ் போடுவது? லல்லுபாய் காம்பவுண்டில் சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால், வீடு கொடுத்தவர்கள் பிழைப்புக்கு இடம் வரையவில்லை என்று தெரியும். இன்னொரு பக்கம், அட்லஸ் கம்பெனி தன் கடைசித் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்றுதான் உலக சைக்கிள் தினம்!

மருமகனுக்கு என் பதில்: "தம்பி, கிறிஸ்டியானியா கொல்லர் செஞ்சதைத்தான் நம்ம பட்டறைக்காரங்களும் செஞ்சாங்க. தெருவைப் பாத்து வண்டி செஞ்சாங்க. அவர் பேரு உனக்குத் தெரியும், இவங்க பேரு யாருக்கும் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்."

போன ஞாயிற்றுக்கிழமை, இப்போதைய அண்ணாச்சியின் சைக்கிளை டேப் வைத்து அளந்தேன். கேரியரின் அகலம், கால்களின் சாய்வு, ஸ்டாண்டின் தகடு எல்லாம். சாயந்திரம் உட்கார்ந்து முறைப்படி வரைபடம் போட்டேன். வரைபடத்தின் மூலையில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஊருக்குப் போன அண்ணாச்சியின் பெயரையும், கேரியர் அடித்த பட்டறைக்காரரின் பெயரையும் எழுதினேன். 'வரைந்தவர்' கட்டத்தில்தான் என் பெயர்.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ சித்தப்பாவோ தாராவியிலோ செம்பூரிலோ இப்படி ஒரு சைக்கிள் மிதித்திருந்தால், அதில் என்னென்ன மாற்றினார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், அப்புறம் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஆட்கள் மட்டும்தான் மிச்சம்.