பறவையைக் கொல்லாத துப்பாக்கி

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு துப்பாக்கியின் வரலாறு. பறவைகளை நோக்கிப் பன்முறை சுட்டும் ஓர் இறகைக்கூட உதிர்க்காத துப்பாக்கி அது. அதனை ஆக்கியவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் பேராசிரியர் எத்தியேன் ழூல் மாரே. 1830-ஆம் ஆண்டில் போன் என்னும் ஊரில் பிறந்தவர்.

பறக்கும் பறவையின் சிறகு எவ்வழியே செல்கிறது? மேலும் கீழுமாக மட்டுமா, முன்னும் பின்னுமாகவுமா? எளிய வினாதான், எனினும் நம் கண் இதற்கு விடை கூறாது. மாரே முதலில் பறவையின் உடலிலேயே சிறு கருவிகளைப் பூட்டி, சிறகின் அசைவைப் புகைபடிந்த உருளையின்மீது கோடாக வரையச் செய்தார். கோடு கிடைத்தது. ஆனால், குழாயும் கச்சையும் சுமந்து பறக்கும் புறா, தன் விருப்பம்போல் வானில் திரியும் புறாவாகுமா? இந்த ஐயம் நீங்கவேண்டுமாயின், பறவையைத் தொடாமலே அதன் சிறகைப் பதிவு செய்தாகவேண்டும்.

1878-இல் அமெரிக்காவில் மைப்ரிட்ஜ் என்பார், ஓடும் குதிரையை 12 காமிராக்களால் படம் பிடித்தார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்கள் அறுபட அறுபட, காமிராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. அப்படங்களைக் கண்டு வியந்த மாரே, பறவைகளுக்கென ஒளிப்படத் துப்பாக்கி ஒன்று வேண்டுமென்ற தம் எண்ணத்தை அவ்வாண்டிலேயே ஓர் இதழுக்குக் கடிதமாக எழுதினார். குதிரைக்குப் பாதை உண்டு. பறவைக்கு ஏது பாதை, ஏது நூல்?

மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்கு. (ஓய்வு பெற்ற பின்னும் இப்பழக்கம் என்னை விடவில்லை.) வினாடிக்கு 10 மீட்டர் செல்லும் பறவையை, வினாடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் ஒளி காட்டிப் படமெடுத்தால், அதற்குள் அது 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தகட்டில் விழுவது பறவையன்று, வெறும் கலங்கல்.

1882-இல் மாரே நேப்பிள்சில் துப்பாக்கியைச் செய்து முடித்தார். குழலினுள் கண்ணாடி வில்லை. அதன் பின்னே சுழலும் தகடு. விசையை இழுத்தால், கடிகாரப் பொறி ஒன்று தகட்டை வினாடிக்கு 12 முறை நகர்த்தி நகர்த்தி நிறுத்தும். நிற்கும்போதெல்லாம் ஒரு படம். தகடு நில்லாது ஓடினால் அதுவே படத்தைக் கலைத்துவிடும் அல்லவா? ஒளி புகும் நேரம் வினாடியில் 720-இல் ஒரு பங்கு. நம் கணக்குப் பறவை அதற்குள் 14 மில்லிமீட்டர்தான் செல்லும். வேட்டைக்காரன்போலக் குழலைப் பறவையோடு கூடவே திருப்பிச் சென்றால், அந்நகர்ச்சியும் பெரும்பாலும் ஈடாகிவிடும். சிறகின் அசைவே எஞ்சும். பறவைகளைப் படமெடுப்போர் இன்றும் கையாளும் முறை இதுவே. அத்தனை குறைந்த ஒளிக்கும் ஈடுகொடுத்தது, அக்காலத்தில் புதிதாக வழக்கிற்கு வந்திருந்த ஜெலட்டின் உலர்தகடு. அது இல்லையேல் பொறி எத்துணை நுட்பமாயினும் பயனில்லை.

கிடைத்தவை மிகச் சிறிய நிழலுருவங்களே. அழகுக்காகப் பார்ப்பவர் முகம் சுளிப்பர். எனக்கோ, இறகின் நிறம் தெரியாத அப்படங்களே மிக உயர்ந்தவையாகத் தோன்றுகின்றன; கேட்ட வினாவுக்கு அவை விடை கூறுகின்றன.

மாரே அத்துடன் நிற்கவில்லை. கரிய திரையின் முன் வெள்ளைப் பறவையைப் பறக்கவிட்டு, ஒரே தகட்டில் பல நிலைகளைப் பதித்தார். கீழிறங்கும் சிறகு முன்னோக்கியும் வீசப்படுவது அங்கே தெளிவாயிற்று. பறவை மெதுவாகச் செல்லும்போது உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அக்குறை நீங்க, 1888-இல் ஓடும் காகிதச் சுருளில் படமெடுத்தார். அதற்கு முந்திய ஆண்டில், கடற்காகத்தின் பல நிலைகளைப் பதுமைகளாகச் செய்து சுழலும் உருளையினுள் நிறுத்தியிருந்தார். உருளையின் துளைகள் வழியே நோக்கியவர்கள், வேண்டிய அளவு மெதுவாகச் சிறகடிக்கும் பறவையைக் கண்டனர்.