பொய்க்குக் கிடைத்த வேகம்

2022 டிசம்பர் 26. 1968இல் வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரை நினைவுகூர்ந்த மறுநாள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் அது தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. என் செல்போனுக்கும் ஒன்று வந்தது. பதறிப்போனேன். பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்தது. பார்த்தால், சில வேறு மாநிலத்துக் கொலைகள். ஒன்று பாட்னாவில் நடித்து எடுத்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் சில நாட்களில் பொய்யை உடைத்து வழக்குப் போட்டது. அது சரிதான், நான் குறை சொல்லல. பயந்து ரயிலேறியவர்களின் பயம் நிஜம்.

என் கேள்வி வேற. வேங்கைவயலுக்கு மட்டும் ஏன் அந்த வேகம் வரல? இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. யார் மேல? அந்தத் தண்ணியைக் குடிச்ச சாதியைச் சேர்ந்த மூணு பேர் மேல. மக்கள் ஏற்கவில்லை. ஆனால் ஆடியோக்கள் செல்போன்களில் சுற்றின. நீதிமன்றம் விசாரிக்குமுன்பே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பீகார் தொழிலாளியும் நம்ம ஆளுதான். மெஷினில் அவன் விரல் போனால் எந்தச் சட்டமன்றமும் அசையறதில்ல. அவனுடைய பொய்யான சாவுக்குத்தான் அழுதார்கள். நம்முடைய நிஜமான தாகத்துக்கு நம்மையே குற்றவாளி ஆக்கினார்கள். இரக்கம் இல்லாத நாடு இல்ல இது. இரக்கத்துக்கு ஆள் பார்க்கிற நாடு.