கதவடைப்பல்ல காப்பு

யானைக்கவுனியின் மொத்தக் கடைக்கும் சுமைவண்டிக்கும் ‘வீட்டிலிருந்தே வேலை’ பொருந்தாது. 2020 கோடையில் ராயபுரம் மண்டலத்தில் கொரோனா உச்சத்தில் இருந்தபோதும், கடை திறந்தால் ஆள் போயாக வேண்டும். அப்படிப் போய்வருபவர் வீட்டில் நுரையீரல் நலிந்த மனைவி இருந்தால் அவரை எப்படிக் காப்பது? இந்தக் கேள்வி சென்னைக்குப் பழையது. 1956-இல் சேத்துப்பட்டு காசநோய் மையம் தொடங்கிய ஆய்வில், 193 ஏழை நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் சானட்டோரியத்திலும் மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலுமாக ஓராண்டு ஒரே மருந்தை உண்டார்கள். ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை.

காசநோய்க்கு மருந்து இருந்தது, கொரோனாவுக்கு இல்லையே எனலாம். உண்மைதான், அந்த மருந்தின் இடத்தில் முகக்கவசமும் திறந்த ஜன்னலும் பின்னர் தடுப்பூசியும் நின்றன. விலக்க வேண்டியது கிருமியை, உழைக்கும் மனிதரை அல்ல.