வேகமோ? குறியோ?
மான்வேட்டைக்குரிய வில்லைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி



சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், வில்விளையாட்டுப் பயின்று வரும் நம்மவர் இளைஞர் இருவர் திருவேங்கடத்தில் நம் இல்லத் திண்ணையில் அமர்ந்து ஒரு வழக்கைத் தொடுத்தனர். "ஐயா, அம்பு மின்னலெனப் பாயும் வலிய வில்லே மேலானது. மான் நடப்பதற்குமுன் அம்பு சென்று சேர வேண்டாமா?" என்றார் ஒருவர். "எத்துணை விரைந்து சென்றால் என்ன? தவறிய அம்பு தவறிய அம்புதானே!" என்றார் மற்றவர். இருவரும் ஒருங்கே நம்மை நோக்கி, "நம் முன்னோர் மான்வேட்டைக்கு எவ்வில்லை எடுத்திருப்பர்?" என வினவினர்.

விளையாட்டாக எழுந்த வினாவெனினும் இது விளையாட்டன்று. நம் வீடுகளில் முதியோர் பேரப்பிள்ளைகளுக்கு முன்னோர் வீரத்தை எடுத்துரைக்குங்கால், வில்லின் வலியையும் அம்பின் விரைவையுமே பெரிதும் பேசுகின்றனர். பிள்ளைகளும் அவசரமே ஆண்மையென எண்ணி வளர்கின்றனர். ஆதலின் இதனை நடுநின்று ஆராய்தல் நம் கடமையாயிற்று.

முதற்கண் வேகத்தின் பக்கத்தார் கூறுவதைக் கேட்போம். அவர்க்குப் பெருந்துணையாய் நிற்பவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவன் வேட்டையைப் பாடுகின்றார். அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, முடிவில் புற்றிலிருந்த உடும்பின்மேற் சென்று தைத்ததாம். இதனினும் மிக்க வில்வலி கேட்டறியோம். எனினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, இது புரவலனைப் புகழும் பாடாண்திணைப் பாட்டு. வேட்டுவர்க்கு வகுத்த நூலன்று. மற்றொன்று, அப்பாட்டிற் சிறப்பிக்கப்பெற்றது அம்பின் ஊடுருவும் வலியேயன்றி அதன் விரைவு மட்டுமன்று. வலியும் விரைவும் உறவுடையனவாயினும் ஒன்றல்ல. ஒரே வில்லில் இலேசான அம்பு விரைந்து செல்லும். கனத்த அம்பு சற்றுத் தாழ்ந்து சென்றாலும் ஆழமாகத் தைக்கும். இவ்வேறுபாடு வில்பயில்வோர் எவரும் அறிவர்.

இன்னும் ஒரு சான்று காட்டுவர். அலெக்சாந்தரின் கப்பற்படைத் தலைவர் நியார்க்கஸ் கூறியதைத் தழுவி, அர்ரியன் என்னும் யவன ஆசிரியர் இந்திய வில்லாளரைப் பற்றி எழுதியுள்ளார். அவர்தம் வில் ஆளுயரமுடையது. அதனைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாணை இழுப்பர். கேடயமும் மார்புக்கவசமும் அவ்வம்பைத் தாங்கமாட்டா என்பது அவர் கூற்று. உண்மையே. ஆயின் அது வடநாட்டுப் போர்வில். கவசமணிந்து நெருங்கி நிற்கும் படையின்மீது எய்வதற்கு வலிமை வேண்டும். ஒருவன் தப்பினும் அடுத்தவன்மேல் அம்பு படும். மானோ கவசம் அணிந்ததன்று, தனித்து நிற்பது, செவி கூரியது, அசைவைக் கண்ட அளவில் ஓடுவது. போர்வில்லின் இலக்கணத்தை வேட்டைவில்லுக்கு ஏற்றுதல் பொருந்தாது.

இனிக் கணக்கு என்ன சொல்கின்றது எனக் காண்போம். விநாடிக்கு 150 அடி செல்லும் அம்பையுடைய எளிய மரவில் ஒன்றும், 200 அடி செல்லும் அம்பையுடைய வலிய வில் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். மான் 100 அடித் தொலைவில் நிற்கின்றது. எளிய வில்லின் அம்பு சென்றுசேர ஏறத்தாழ முக்காலுக்குச் சற்றுக் குறைந்த விநாடியும், வலிய வில்லின் அம்பு சென்றுசேர அரை விநாடியும் ஆகும். நாணின் ஒலியோ விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்வது. பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் மானின் செவியை எட்டிவிடும். ஒலி கேட்ட மான் தாவுவதற்காக உடலைத் தாழ்த்துகின்றது. அம்பு அதன் முதுகுக்குமேற் போகின்றது. அன்றேல், தைக்கத் தகாத இடத்தில் தைக்கின்றது. எந்த மரவில்லாலும் ஒலியை வெல்லுதல் இயலாது.

அவ்வெளிய வில்லையே கையிற் கொண்டு 50 அடி வரை ஒருவன் ஓசையின்றி நெருங்கினானாயின், அம்பு சேர மூன்றில் ஒரு பங்கு விநாடியே ஆகும். வலிய வில்லால் 100 அடியிலிருந்து எய்தவனை எளிய வில்லாளன் வென்றுவிட்டான்! வேகத்தைக் கூட்டிப் பெறும் பயனினும் தூரத்தைக் குறைத்துப் பெறும் பயன் பெரிது என்பது இதனால் விளங்கும்.

வேகத்துக்குப் பயனே இல்லையோ எனின், அற்றன்று. செல்லும் அம்பு மண்ணை நோக்கித் தாழ்ந்துகொண்டே செல்லும். நேர்மட்டமாக விட்ட அம்பு 100 அடி செல்வதற்குள் எளிய வில்லில் ஏறத்தாழ 7 அடியும், வலிய வில்லில் 4 அடியும் தாழும். ஆதலால் தூரத்தைக் கணிப்பதில் நேரும் பிழையை விரைந்த அம்பு ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். நம் கரிசல் வெளியில் மரமும் மேடும் இன்மையால் தூரக்கணக்குத் தப்புதல் எளிது. அவ்விடத்து வேகம் உதவும் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் தன் தோள்வலிக்கு மிஞ்சிய வில்லை இழுத்தவன் கை நடுங்குகின்றது. முழுதும் இழுத்து நிறுத்திக் குறிபார்க்க அவனால் ஆவதில்லை. வேகத்தால் வந்த ஊதியம் நடுக்கத்தாற் போய்விடுகின்றது. ஆதலின் தான் நடுங்காமல் இழுத்து நிறுத்தக்கூடிய வில்களுள் வலியதே ஒருவனுக்குரிய வில். அதனினும் மிக்கது அவனுக்குப் பகை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனரா? அறிந்திருந்தனர் என்பதற்குப் பத்துப்பாட்டே சான்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வாழ்க்கையை விரித்துரைக்கின்றார். மானடி பதிந்த வழியருகே நீர்வேட்கையால் விலங்குகள் வருமிடத்தில் குழி தோண்டி, அதனுள் ஒளிந்து, நள்ளிரவில் பன்றியின் வரவை நோக்கிக் காத்திருப்பராம். அவர்தம் முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்குமாம். பார்வை மானாவது பழக்கி வைத்த மான். காட்டு மானைத் தன்பால் ஈர்த்து வேட்டுவனுக்கு அண்மையிற் கொணர்வது. குழியும் பார்வையும் எதற்கு? தொலைவைக் குறைப்பதற்கே. அம்பின் விரைவையே நம்பியவர்க்கு இவ்விரண்டும் வேண்டா. காத்திருத்தலும் அண்மையில் எய்தலுமே அவர் கற்ற கல்வி.

நம் தென்பாண்டிச் சீமையிலும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. வளரி என்னும் வளைதடியைச் சின்ன மருதுவிடம் எறியக் கற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், தேர்ந்தவன் கையில் அது 100 கஜத்துக்குட்பட்ட எத்தொலைவிலும் தப்பாது சென்று படும் என எழுதினார். பகைவராய் எதிர்நின்றவரும் வியந்தது அதன் தப்பாமையையே என்பது கருதத்தக்கது. 1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் படைக்கருவி தாங்குதலைத் தடுத்தது. கருவி போயிற்று, அக்கருவி கற்பித்த பொறுமையும் போகவேண்டுமென்பதில்லை.

குறி என்பது கைக்கு மட்டும் உரியதன்று, அறிவுக்கும் உரியது. தயரதன் ஒலியைக் கேட்டே எய்யும் வன்மையுடையவன். நீர் முகக்கும் குடத்தின் ஒலியை யானையின் ஒலியெனக் கொண்டு எய்தான், அம்பு தப்பவில்லை, மாண்டவனோ கண்ணிழந்த முதியோரின் ஒரே மகன். பாண்டுவின் அம்பும் தப்பவில்லை; மானுருக் கொண்ட முனிவர் மாண்டார். கண்ணபிரான் திருவடியை மானெனக் கருதி எய்த சரன் என்னும் வேடனும் குறி தவறியவனல்லன். மூவர் கையும் பிழையாதிருக்க, மூவர் கருத்தும் பிழைத்தது. எய்யப்படுவது யாதென்று துணியுமுன் எய்தமையே அப்பிழை. இத்துணிவுக்கு வேண்டும் ஒரு கணத்தை எவ்வளவு விரைந்த வில்லும் நமக்கு ஈட்டித் தாராது.

ஆகவே இளைஞர் இருவருக்கும் நாம் கூறிய விடை இது: குறியே முதல், அதன்பின் அண்மை, அதன்பின் ஓசையின்மை, இம்மூன்றும் அமைந்தபின் எஞ்சிய தோள்வலிக்கு ஏற்ற வேகம். இவ்வரிசையை மாற்றியவனால் மான் சாவதில்லை, புண்படுகின்றது. புண்பட்ட மான் புதரிற் கிடந்து பல நாள் நொந்து சாதலினும் கொடியது வேட்டையில் வேறில்லை. நல்ல வேட்டுவன் பலமுறை எய்யாமலே வீடு திரும்பியிருப்பான்; அது அவனுக்கு இழுக்கன்று.

இன்று மான்வேட்டை குற்றமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துள்ளது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான்களுக்கெனச் சரணாலயமும் அமைந்துள்ளது. நம் இளைஞர் வில் இனி வைக்கோற் பலகையையே நோக்குக. ஆயினும் மேற்கூறிய வரிசை அங்கும் மாறாது.

முடிவாக ஒன்று கூறுவோம். வல்வில் ஓரியைப் பாடிய அதே புறநானூற்றில் 320-ஆம் பாட்டு வீரை வெளியனார் பாடியது. வேட்டுவன் முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகின்றான். அவன் கட்டிவைத்த பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகின்றது. எய்வதற்கு இதனினும் அண்மையும் அமைதியும் வாய்க்கா. அவன் மனைவி அதனைக் காண்கின்றாள். அவனை எழுப்பினாளா? இல்லை. கணவன் விழிப்பானோ என அஞ்சுகின்றாள். கலை தன் பிணையைப் பிரியுமோ எனவும் அஞ்சுகின்றாள். ஆதலின் மனையில் நடமாடவும் இலள்.

நம் பேரப்பிள்ளைகளுக்கு ஓரியின் அம்பைச் சொல்லும் முதியோர், அன்றிரவே இம்மனையாளின் கதையையும் சொல்வாராக. வில்லை வளைக்கக் கற்றவர் பலர். வளைக்காதிருக்க வேண்டிய பொழுதை அறிந்தவரையும் ஈன்றது நம் நாடு.